காலர் பட்டன் வரை

கணினியில் படத்தின் நிழல் பகுதிக்கு வெளிச்சத்தை இன்னும் இருபது கூட்டினேன். முகம் இருட்டிலிருந்து கொஞ்சம் மேலே வந்தது, கூடவே மணல் தூவியதுபோலப் புள்ளிகளும் வந்தன. புள்ளிகளை அமர்த்தினால் முகம் மெழுகாகிவிடுகிறது. பத்துக் குறைத்தேன். இப்போது நேசையன் அண்ணன் ரப்பர் மரங்களுக்கு நடுவே பனிக்குள் நின்று என்னைப் பார்க்கிறார். வாய் திறந்திருக்கிறது. மேல்வரிசைப் பல் நாலைந்து தெரிகிறது. வலது கை இருக்கவேண்டிய இடத்தில், மார்புக்கும் தோளுக்கும் நடுவில், வெளுத்த ஒரு தீற்றல். எட்டில் ஒரு பங்கு விநாடி. ட்ரைபாடில் வைத்து அவ்வளவு நேரம் திறந்துவைத்தால் மரம் அசையாமல் பதியும், சும்மா நிற்கிறவர் முகமும் பதியும், கை தூக்கினால் கை மட்டும் பதியாது. தூக்கினால் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். தூக்கினாரா என்றுதானே பதினொரு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழேயிருந்து மேலே போன கையும், மேலேயிருந்து மார்புக்கு வந்த கையும் ஒரே தீற்றலைத்தான் விட்டுவைக்கும். நானூறு சதவீதம் பெரிதாக்கினேன். சதுரங்கள். பழுப்புச் சதுரம், சாம்பல் சதுரம், நடுவில் விரலாக இருக்கக்கூடிய ஒரு சதுரம். "புஷ்பபாய் அக்கா மூணு மணிக்கு வருவாவளாம், போன் வந்துது" என்று முன்பக்கம் கவுண்டரிலிருந்து மெர்லின் சொன்னாள். உள்ளே நான் எதைத் திறந்துவைத்திருக்கிறேன் என்று என் மனைவிக்குத் தெரியாது. "ஆவட்டு" என்றேன். மணி இரண்டேகால். திரையில் மட்டும் காலை ஏழு பதினொன்று.

எங்கள் பக்கத்தில் இலையுதிர்காலம் என்பது ரப்பர் மரத்துக்கு மட்டும், அதுவும் பத்து நாள். கிறிஸ்துமஸ் முடிந்து புதுவருஷம் பிறந்ததும் குலசேகரத்துக்கு மேலே உள்ள தோட்டங்கள் மஞ்சளாகி, செம்பாகி, ஒரு வாரக் காற்றில் மொட்டையாகிவிடும். அந்த நாட்களில் பால்வெட்டு கிடையாது, மரத்துக்கு ஓய்வு. பால் பிடிக்கிற சிரட்டைகளை மரத்துக் கம்பியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வெட்டுகாரர்கள் வீட்டில் இருப்பார்கள். கல்யாணமும் ஞானஸ்நானமும் எடுத்து வயிறு வளர்க்கிற எனக்கு, எனக்காக நான் படம் எடுக்கிற நாட்கள் அவை. வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும். முன்னால் வெயில் விழுந்தால் அது காய்ந்த இலை, பின்னால் விழுந்தால் அதே இலை எரியும். மலைக்கு மேலே சூரியன் ஏற ஏழேகால் ஆகும். நீள லென்ஸ் போட்டால் தள்ளித்தள்ளி நிற்கிற மரங்கள் நெருங்கி வந்து நிற்கும். ஒற்றையடிப் பாதை இடப்பக்கத்து மூன்றில் ஒன்றில் தொடங்கி உள்ளே போகவேண்டும். இதெல்லாம் இருபத்தைந்து வருஷத்தில் படித்தது. எந்த வருஷம் எந்தச் சரிவு முந்தும் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டதில்லை. அதைச் சொல்வது நேசையன் அண்ணன்தான். முப்பது வருஷம் அதே தோட்டத்தில் பால்வெட்டினவர். இந்தப் படம் எடுத்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில், "லே றசல், தெக்குச் சரிவு நாளைக்கு உச்சம் கேட்டியா, பனியும் உண்டு. நாளக்கழிச்சு போனா நீ குச்சியதான் படம் பிடிக்கணும்" என்றார். "நீங்களும் வாருங்க" என்றேன். "எனக்கு அங்க என்ன சோலி? பாதிச் சிரட்ட கவுக்காம கெடக்கு, அதுக்கு வேணும்னா வருவேன்" என்றார். ஆகவே அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். நான் வருவேன் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தவரைத் தோட்டத்தில் கண்டால் கை தூக்குவது உலக வழக்கம், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இன்று காலை குளிக்கும்போது இந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, அவ்வளவுதான் என்று நிம்மதியாக இருந்தேன். தலை துவட்டும்போது, அவர் ஒருநாளும் என்னைப் பார்த்துக் கை தூக்கியதில்லை, தூரத்திலிருந்தே 'லே' என்று கூப்பிடுவதுதான் அவர் வழக்கம் என்று ஞாபகம் வந்தது.

அன்று 'லே' கேட்கவில்லை. அவர் கூப்பிடவில்லையா, எனக்குக் கேட்கவில்லையா. முதல் படம் வெளிச்சம் அளப்பதற்காக எடுத்தது. எடுத்துவிட்டுக் கேமராத் திரையைப் பார்த்தபோதுதான் இடது ஓரத்தில் நீலச் சட்டை தெரிந்தது. தோட்டம் மொத்தமும் செம்பாக இருக்க ஓரத்தில் ஒரு நீலம். எனக்கு எரிச்சல் வந்தது. வெயில் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. நான் நிமிர்ந்து, இரண்டு விரலை நீட்டி, பக்கவாட்டில் இரண்டு தரம் அசைத்தேன். கல்யாண மேடையில் செய்வது. வாய் திறக்கவேண்டாம், பெண்ணின் மாமன் தள்ளிப்போவார், போதகர் தள்ளிப்போவார், கட்சிக்காரர்கூடச் சிரித்துக்கொண்டே தள்ளிப்போவார். இந்த இரண்டு விரலுக்கு ஊரே தள்ளி நின்றிருக்கிறது. அவரும் போனார். மூன்று எட்டு, அல்லது நாலு எட்டு. பெரிய மரம் ஒன்றின் பின்னால் போனார். போனதையா பார்த்தேன், இடம் காலியானதைப் பார்த்தேன். ஏழு பதினெட்டுக்கு வெளிச்சம் இறங்கியது. பனிக்குள் கோல்கோலாக, ஒவ்வொரு மரத்தின் இடுக்கிலும் ஒன்று. காற்றே இல்லை, ஆனாலும் இலை விழுந்துகொண்டிருந்தது. முப்பத்தாறு படம் எடுத்தேன். அவ்வளவு நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பைக் மேட்டுப்பக்கம் நின்றதால் அந்த வழியே ஏறிப் போய்விட்டேன். போகும்போது "அண்ணா, போறேன்" என்று குரல் கொடுத்ததாக ஒரு ஞாபகம் உண்டு. அந்த ஞாபகம் எப்போது வந்தது என்பதும் தெரியும். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்தது.

அன்று மத்தியானமே படத்தைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டேன், இதே நாற்காலி. மார்த்தாண்டத்தில் எங்கள் புகைப்படக் கழகத்தின் போட்டிக்கு நாலு மணி கெடு. பதினாலாவது படத்தை எடுத்துக்கொண்டேன். வெண்மையைக் கொஞ்சம் சூட்டுப் பக்கம், மஞ்சள் தட்டும்படி, தள்ளினேன். பனி கெடாமலிருக்க மேல்பாதிக்குக் கான்ட்ராஸ்டைக் குறைத்தேன். சிவப்பை ஏற்றினேன், பிறகு பாதி இறக்கினேன், அதிகமானால் கோயில் கொடைவிழா சீரியல் விளக்கு மாதிரி ஆகிவிடும். தரையில் அங்கங்கே கிடந்த பச்சையை மஞ்சளாக்கினேன். நாலு மூலையையும் சற்று இருட்டினேன், கண் நடுவுக்குப் போக. அதன்பிறகு சிரட்டைகள். மரத்துக்கு ஒன்றாகக் கறுத்த முண்டு மாதிரி தொங்கிக்கொண்டு கண்ணை இழுத்தன. முன்வரிசையில் கவிழ்த்தவை, ஒரு மரத்துக்கு அப்புறம் எல்லாம் நிமிர்ந்தவை. அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் குளோன் செய்து அழித்தேன், மரப்பட்டையை எடுத்து அதன்மேல் வைத்து. கடைசியில் இடப்பக்கம் பெரிய மரத்தின் மூட்டில், தரையை ஒட்டி, நகத்தளவு நீலம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அழிக்கவேண்டியதைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்திலிருந்து சருகு எடுத்து அதன்மேல் மூன்று தரம் தூரிகையை வைத்தேன். மணி இரண்டு நாற்பது. நாலு மணிக்கு, காலைக் கிழங்குக்கும் வரவில்லை மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை என்று தேடிப்போன அவர் மனைவி புஷ்பபாய் அக்கா, அந்த மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவாக்கில் அவரைக் கண்டாள். ஆறு மணிக்குச் சர்ச் மணி, சாவுக்கு அடிப்பதுபோல, ஒற்றையாக அடித்தது. யார் என்று மெர்லின் வெளியே போய்க் கேட்டுவந்து சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த நீலம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடையை மெர்லினிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து, அனுப்பிய படத்தைத் திறந்து மரத்தின் மூட்டைப் பெரிதாக்கினேன். சருகுதான். ஒரு ஓரம், ஒரு தையல் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

மாரடைப்பு. காலை ஒன்பதோ பத்தோ மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஏழு பதினொன்றிலிருந்து பத்து மணி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். குலசேகரம் ஆஸ்பத்திரிக்கு பைக்கில் பதினைந்து நிமிடம். இந்தக் கணக்கைப் போடக்கூடாது என்றுதான் தொடங்குகிறேன், போட்டு முடித்தபிறகுதான் போட்டுவிட்டேன் என்று தெரிகிறது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அடக்கத்துக்குப் படம் எடுக்க வேறு ஆளை அனுப்பினேன். மறுநாள் போய் முற்றத்தில் நின்றேன். அக்கா வருகிற எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள், என்னிடமும் சொன்னாள். "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு அந்த வழிக்கு வந்திருந்தா போரும் தம்பி." "ஆமாக்கா" என்றேன். அடுத்து வந்தவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். நடுவர் திருவனந்தபுரத்துக்காரர், எழுபது வயது, நிதானமாகப் பேசுகிறவர். "வெளிச்சம் நல்லா கிட்டியிருக்கு. நிறத்துல அடக்கம் இருக்கு. ஆனா இதுக்குள்ள போன கண்ணு எங்க போய் நிக்கும்? ஒரு ஆளு வேணும். சின்னதா. இந்தா, இங்க" என்று சிவப்பு விளக்குப் புள்ளியை வைத்தார். அவர் கை நடுங்கியதால் புள்ளி அந்த மரத்தின் மூட்டைச் சுற்றிச்சுற்றி வந்தது. "இவ்வளவு செம்புக்கு நடுவுல ஒரு நீலச் சட்டை நின்னிருந்தா இது முதல் பரிசுப் படம்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். படத்தைச் சட்டம் போட்டு மெர்லின்தான் முன்னறையில் மாட்டினாள். நான் வேண்டாம் என்றால் ஏன் என்பாள்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள். வருகிற ஞாயிறு, அதாவது நாளை, ஆராதனையில் நினைவு ஜெபம், வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும். மடியிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்தாள், நான் எடுத்ததுதான், மூன்றாம் வரிசையில் நேசையன் அண்ணன், பாதி முகத்தைப் பலூன் வளைவு மறைக்கிறது, மீதிப் பாதி பள்ளிக்கூட ஆய்வுக்கு நிற்பதுபோல விறைத்திருக்கிறது. "சிரிச்ச மாதிரி ஒண்ணு உங்க கிட்ட கெடக்காதா தம்பி? எத்தன கல்யாணம் எடுத்திருக்கிய. பல்லு நீட்டம்னு அவரு போட்டோவுக்குச் சிரிக்கவே மாட்டாரு. வீட்டுல நாள் முழுக்கச் சிரிப்புதான்." "தேடிப் பாக்கிறேன்க்கா" என்றேன். "கோட்டு கீட்டு போட்டுடாதீங்க. தபாலாபீஸ்காரருக்கு நீங்க கோட்டு போட்டுக் குடுத்ததுல அவருக்க பேரப்பிள்ளயே இது யாரு வக்கீலான்னு கேட்டுதாம்." மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, "சாதாரணச் சட்ட போரும். அன்னைக்கு அவரு போட்டிருந்தது நல்ல நீலச் சட்ட. காலம்பற பொறப்படும்போ பாத்தா கழுத்துப் பட்டன் தெறிச்சுக் கெடந்துது. வெளுத்த பட்டன் தேடுனா நேரமாவும்னு சொன்னாரு, கறுத்தது ஒண்ண வச்சுத் தச்சுக் குடுத்தேன். சட்டயோட நிக்க வச்சே தச்சேன். ஆஸ்பத்திரியில அத வெட்டி எடுத்துட்டாவ, திரும்பத் தரல்ல" என்றாள். போகும்போது சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து நின்றாள். "இது எந்த நாடு தம்பி?" நான் பில் புத்தகத்தைத் தேடினேன். "நாடு எங்க அக்கா, நம்ம தோட்டந்தான். இவரு கலரு கலக்கிக் கலக்கி இப்பிடி ஆக்கி வச்சிருக்காரு" என்றாள் மெர்லின். அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். "சிரட்ட இல்லாத ரப்பர் மரமா" என்றாள்.

அவள் போனபிறகுதான் அந்த முதல் படத்தை மறுபடி திறந்தேன். அதுவரைக்கும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைப் பார்த்தேன். எள் அளவு கறுப்பு. மற்ற பட்டன்கள் வெளுப்பு. அன்றிலிருந்து அந்த எள் எங்கே போனாலும் தெரிகிறது, சோற்றில், சுவரில், வேதப்புத்தகத்தின் ஓரத்தில். இரண்டு நாளாகக் கல்யாணப் படத்தை வைத்துத்தான் மல்லுக்கட்டினேன். பலூனுக்குப் பின்னால் இருக்கிற பாதியை உண்டாக்க இந்தப் பாதியைத் திருப்பிப்போட்டு ஒட்டினேன். ஒட்டி முடித்தால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரியான ஒரு மனிதர் வருகிறார், செய்தித்தாளில் காணவில்லை என்று போடுவார்களே அந்த மாதிரி. வாயோரத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துச் சிரிக்கவைத்துப் பார்த்தேன், பார்த்துவிட்டு உடனே அழித்தேன். ஏற்கெனவே ஒருதரம் அவரைச் சருகால் மூடியாயிற்று, இன்னொரு தரம் அவர் முகத்தில் கை வைக்க எனக்கு என்ன உரிமை. அப்படி யோசிக்கிறவன் அந்த முதல் படத்தையும் அவளிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடவேண்டியதுதானே. சொன்னால் என்ன ஆகும். கேஸ் கிடையாது, யாரும் அடிக்கப்போவதில்லை. ஒரே சர்ச், பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சு அவளுக்கு, ஆண்கள் பக்கம் நாலாவது எனக்கு. காணிக்கை எடுக்கும்போது அவள் தலை திரும்பும். அந்தத் திரும்பல் ஒன்றுதான். அதற்காகவா இவ்வளவு. மேலும், அது வணக்கமாக இருந்தால்? என்னைக் கண்டதும் அவர் சிரித்துக் கை தூக்கியிருந்தால், நான் தள்ளச்சொல்ல, விளையாட்டாகத் தள்ளிப்போய், அதன்பிறகு, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு நிமிடத்தில் வலி வந்திருந்தால்? சொல்வதன்மூலம் அவளுக்கு நான் கொடுப்பது என்ன. வாய் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது. கண் சுருங்கியிருக்கிறது. எதிரே வெளிச்சம் இருந்தால் கண் சுருங்கும், ஆனால் வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது. சிரித்தாலும் சுருங்கும். வலித்தாலும்.

இரண்டரை ஆயிற்று. படத்தின் ஓரங்களை வெட்டுகிற கிராப் கருவியை எடுத்து, அதன் கட்டத்தின் கீழ் விளிம்பை மேலே தள்ளினேன். இடுப்பு போயிற்று. தீற்றல் போயிற்று. தோள் போயிற்று. கட்டம் தாடைக்குக் கீழே வந்து நின்றபோது நேசையன் அண்ணன் சிரித்தார். சந்தேகமே இல்லை, வீட்டில் நாள் முழுக்கச் சிரிக்கிற ஒருவர், பனிக்காலைப் புகைமூட்டத்துக்கு முன்னால், பின்தலையில் செம்பு வெளிச்சம் விழ, சிரிக்கிறார். நான் எடுத்ததிலேயே நல்ல முகம். கட்டத்தைக் கீழே இழுத்தேன், தீற்றலின் மேல்நுனி உள்ளே வந்தது, சிரிப்பு போய்விட்டது. அவர் எதையோ கேட்கிறார். மேலே தள்ளினேன், சிரித்தார். கீழே, கேட்டார். நாலைந்து தரம் செய்தேன், நிறுத்த முடியவில்லை. தீற்றலுக்கும் தாடைக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறது, அந்த இடத்தின் அடியில்தான் காலர், காலரின் நடுவில் எள். தாடையோடு வெட்டினால் படம் அமையும், முகத்தைச் சுற்றி இருக்கவேண்டிய இடம் சரியாக இருக்கும், எந்த நடுவரும் அதைத்தான் சொல்வார். பட்டன் வரை விட்டால் கீழே கனம் கூடிவிடும். அழகுக்கு அது வேண்டாம். அவளிடம் சிரிப்பைக் கொடுத்துவிடலாம், பட்டன் இல்லாமல், எப்போது எடுத்தது என்று கேட்டால் ஏதோ ஒரு கல்யாணத்தின் பேரைச் சொல்லிவிடலாம், அவள் அதை நம்பி மாலை போடுவாள், ஒவ்வொரு வருஷமும் இலை கொட்டும்போது மாலை மாற்றுவாள். நான் அந்த வீட்டுக்குப் போனால் அவர் சுவரிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். கீழ் விளிம்பைப் பிடித்திருந்த விரல் வலித்தது. கட்டத்தைக் காலருக்குக் கீழே, பட்டனுக்கு அரை விரல் கீழே கொண்டுவந்து விட்டேன். புள்ளிகளை அமர்த்தவில்லை. நீலத்தைக் குறைக்கவில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரத்திலிருந்து தலையில் தொடங்கித் தாள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைமுடி, நெற்றி, கண், பல். கடைசியாக அது.

அக்கா மூன்றுக்குச் சற்று முன்பே வந்துவிட்டாள். வெளுத்த சேலை, குடை. சுவர்ப் படத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்காராமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டத்துக்குள் வைத்துப் பின்பக்கம் ஆணியை மடக்கி, கண்ணாடியைத் துடைத்து, அவள் முன்னால் வைத்தேன். வைத்த பிறகு என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சிரிக்காரு" என்றாள் அக்கா. மெர்லின் எட்டிப்பார்த்தாள். "அம்மோ, நல்ல படமாக்குமே. இது எங்க கெடந்துது? எங்கிட்ட சொல்லவே இல்லியே." "பழைய மெமரி கார்டு ஒண்ணுல கெடந்துது" என்றேன். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தேன். கேளுங்கள் என்று நினைத்தேன், கேட்டால் சொல்லிவிடுவேன், இரண்டு விரலை நீட்டியதிலிருந்து சொல்லிவிடுவேன், கேட்காமலிருக்கவேண்டும் என்றும் அதே நேரத்தில் நினைத்தேன். அவள் கண் பல்லிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. தாடையில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கி, விளிம்புக்கு மேலே ஓரிடத்தில் நின்றுவிட்டது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திற்பரப்புப் பக்கம் போயிற்று. "பை தரட்டாக்கா?" என்றாள் மெர்லின். "வேண்டாம் பிள்ளே. இடுக்கிட்டுப் போவேன்" என்றாள் அக்கா. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். வலது பெருவிரலைக் கண்ணாடியின் அடியில், பட்டன் இருந்த இடத்தில் வைத்து, தைத்தது பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒருதரம் அழுத்தினாள். பிறகு படத்தைத் தன் பக்கமாகத் திருப்பி மார்போடு சேர்த்துக்கொண்டு படியில் இறங்கினாள்.